மலைக்காட்டுப் பாதைகளில் இரவு தங்குதல்: பயணத்தின்போதும் திரும்பிய பின்னும் உடல்நலம்

முக்கியச் செய்திகள்

• காட்டில் இரவு தங்கித் திரும்பியவருக்கு அடுத்த ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் வந்தால், அன்றே மருத்துவரைக் காண வேண்டும். காட்டில் தங்கியதை அவர் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்ல வேண்டும்.
• உண்ணிக் காய்ச்சல் உரிய மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் எளிதில் குணமாகும். தாமதமானால் உயிருக்கு ஆபத்தாகலாம்.
• பாம்புக்கடி ஐயம் ஏற்பட்டால் கட்டுப் போடுதல், கீறுதல், உறிஞ்சுதல் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.
• ஓடை நீர் எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் கொதிக்க வைத்த பின்னரே பருக வேண்டும்.

வசதிகளற்ற காட்டு முகாம் என்பது யாது?

குடிநீர்க் குழாய், கழிப்பறை, மின்விளக்கு, கட்டடம் ஆகிய எதுவும் இல்லாத காட்டுப் பகுதிக்கு நடந்து சென்று, உடன் எடுத்துச் சென்ற கூடாரத்திலோ திறந்த வெளியிலோ இரவைக் கழிப்பதை இப்பக்கம் 'வசதிகளற்ற முகாம்' எனக் குறிப்பிடுகிறது. அமெரிக்காவின் தேசியக் காடுகள் பலவற்றில் கட்டணமின்றி இவ்வாறு தங்கலாம். தமிழ்நாட்டில் நிலை வேறு. காப்புக்காடுகளிலும் வனவிலங்குச் சரணாலயங்களிலும் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் குற்றமாகும்.

இங்கே காட்டில் இரவைக் கழிப்போர் மலையேற்றத்தினர் மட்டுமல்லர். மலைக்கோயில்களுக்குச் செல்லும் பக்தர்கள், தேனும் கடுக்காயும் சேகரிக்கும் பழங்குடியினர், கால்நடைகளுடன் பட்டியில் தங்கும் மேய்ப்பர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஆகியோரும் தரையில் படுத்து உறங்குகின்றனர். இப்பக்கத்தில் உள்ள அறிவுரைகள் இவர்கள் அனைவருக்கும் பொருந்தும்.

அனுமதி பெறுவது உயிர்காப்புக்கும் உதவும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்திற்குச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எந்தப் பாதையில் எத்தனை பேர் சென்றுள்ளனர் என்பது வனத்துறைக்குத் தெரிந்திருந்தால்தான் தீ, வெள்ளம், நோய் ஆகிய நேரங்களில் உதவி விரைந்து வந்து சேரும். தீ மூளும் கோடை மாதங்களில் பாதை மூடப்பட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

யார் முன்கூட்டியே மருத்துவ ஆலோசனை பெற வேண்டும்?

காட்டிலிருந்து சாலைக்கு வந்து சேரவே பல மணி நேரம் ஆகலாம் என்பதை மனத்தில் கொண்டு, பின்வருவோர் புறப்படும் முன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

• நீரிழிவு நோயாளிகள்: நீண்ட நடையால் சர்க்கரை அளவு திடீரெனக் குறையலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா எனக் கேட்டறிய வேண்டும். சர்க்கரை அல்லது குளுக்கோஸ் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். இன்சுலினை வெயில் படாமல் பாதுகாக்க வேண்டும். கால் மரத்துப்போனவர்கள் புதிய காலணியுடன் புறப்படக் கூடாது. ஒவ்வொரு மாலையும் பாதங்களில் கொப்புளமோ புண்ணோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
• இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளோர்: செங்குத்தான ஏற்றத்தில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் தோன்றினால் அங்கேயே நின்று அமர வேண்டும். சற்று ஓய்வெடுத்த பின் தொடர்ந்து ஏறலாம் என எண்ணக் கூடாது.
• ஆஸ்துமா நோயாளிகள்: இரவுக் குளிரும் விறகுப் புகையும் மூச்சிரைப்பைத் தூண்டும். உறிஞ்சு மருந்தைப் பையின் அடியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.
• வலிப்பு நோய் உள்ளோர்: உறக்கக் குறைவும் மருந்து தவறுவதும் வலிப்பை வரவழைக்கும். தனியே செல்லக் கூடாது.
• கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், மண்ணீரல் அகற்றப்பட்டோர், நோயெதிர்ப்புத் திறனைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோர்: இரவு தங்கும் பயணத்தை இயன்றவரை தவிர்ப்பது நல்லது.

வழக்கமான மருந்துகளை, திரும்பும் நாளுக்கு மேலும் இரண்டு நாள்களுக்குப் போதுமான அளவில் எடுத்துச் செல்ல வேண்டும். அவற்றை இரு பைகளில் பிரித்து வைத்தால், ஒரு பை நனைந்தாலும் தொலைந்தாலும் இடர் நேராது.

முகாமில் கடைப்பிடிக்க வேண்டியவை

இடம்: புதரும் உயர்ந்த புல்லும் மண்டிய இடத்தில் படுக்கக் கூடாது. நோய் பரப்பும் நுண்ணுண்ணிகள் அங்கேதான் மிகுதி. கற்குவியல், கறையான் புற்று, விறகுக் குவியல் ஆகியவற்றின் அருகில் பாம்பு இருக்கலாம். வறண்டு கிடக்கும் ஓடைப் படுகையில் கூடாரமிடக் கூடாது. மேலே மலையில் பெய்யும் மழையால் அங்கே நள்ளிரவில் வெள்ளம் வரக்கூடும்.

படுக்கை: வெறும் தரையில் படுக்கக் கூடாது. தடித்த விரிப்பின் மேல் படுத்து, கூடாரத்தின் வலைக்கதவை முழுமையாக மூட வேண்டும். திறந்த வெளியில் படுப்பவர்கள் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரங்களை விரிப்பின் அடியில் செருகிவிட வேண்டும். கொசுவையும் இரவில் ஊர்ந்துவரும் பாம்பையும் தடுக்க இதுவே எளிய வழி.

உடை: முழுக்கைச் சட்டையும் முழுநீளக் கால்சட்டையும் அணிந்து, கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். வெளியே தெரியும் தோலில் டீட் கலந்த பூச்சிவிரட்டிக் களிம்பைத் தடவலாம். கழற்றிய துணிகளைப் புல்லின் மேலும் புதரின் மேலும் உலர்த்தக் கூடாது.

குடிநீர்: ஓடை நீரை முதலில் துணியில் வடிகட்டி, பின் கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், அங்கே மூன்று நிமிடங்கள் தேவை. கொதிக்க வைக்க இயலாதபோது குளோரின் மாத்திரையை அதன் உறையில் குறிப்பிட்டவாறு பயன்படுத்தலாம். எனினும் சில ஒட்டுண்ணிகள் குளோரினுக்கு எளிதில் அழிவதில்லை. தீ மூட்டத் தடை உள்ள காடுகளில், புறப்பட்ட இடத்திலிருந்தே போதிய நீரைச் சுமந்து செல்ல வேண்டும்.

கழிப்பிடம்: நீர்நிலை, பாதை, முகாம் ஆகியவற்றிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, பயன்படுத்திய பின் மண்ணால் மூட வேண்டும். கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். ஓடையின் கரையில் மலம் கழித்தால், கீழே அதே நீரைப் பருகும் ஊருக்கு வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் பரவும்.

குளிர்: நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயர்ந்த மலைகளில், நனைந்த உடையுடன் இரவைக் கழிப்பவருக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். விடாத நடுக்கம், தடுமாறும் பேச்சு, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். நனைந்த உடையை அகற்றி, உலர்ந்த போர்வையால் உடலைச் சுற்றி, விழிப்புடன் உள்ளவருக்குச் சூடான இனிப்புப் பானம் கொடுக்க வேண்டும். மது கொடுக்கக் கூடாது. மது உடல் வெப்பத்தை மேலும் இழக்கச் செய்யும்.

இரவில் பாம்பு கடித்தால்

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே இந்தியாவில் பெரும்பாலான பாம்புக்கடி இறப்புகளுக்குக் காரணம். இவற்றுள் தரையில் உறங்குவோர் அதிகம் அஞ்ச வேண்டியது கட்டுவிரியன். அது இரவில் இரை தேடும். அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, பல் பதிந்த தடமும் தெரியாமல் போகலாம். காட்டில் உறங்கியவர் விடியற்காலையில் கடும் வயிற்றுவலியுடன் எழுந்தாலோ, இமைகள் தாமாகவே சரிந்தாலோ, விழுங்குவதும் பேசுவதும் கடினமானாலோ, பாம்பைப் பார்க்கவில்லை என்றாலும் கட்டுவிரியன் கடித்திருக்கலாம் என்றே கொள்ள வேண்டும்.

• கடிபட்டவரை அமைதிப்படுத்திப் படுக்க வைக்க வேண்டும்.
• கடிபட்ட கை அல்லது காலை, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் சட்டம் வைத்து அசையாமல் நிறுத்த வேண்டும்.
• மோதிரம், வளையல், கொலுசு, கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் தோன்றும் முன் கழற்ற வேண்டும்.
• அவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். போர்வையின் இரு ஓரங்களிலும் கம்புகளைச் செருகித் தூளி அமைக்கலாம்.
• இறுகக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பச்சிலை பூசுதல், பாம்பைத் தேடிப் பிடித்தல் கூடாது.

பாம்பு நஞ்சுமுறி மருந்து அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். நஞ்சுமுறிக்கு வேறு மாற்று மருந்து இல்லை.

திரும்பிய பின்: அமைதியான இடைவெளி

காட்டில் தொற்றும் நோய்கள் பல, காட்டில் இருக்கும்போது வெளிப்படுவதில்லை. கிருமி உடலில் புகுந்து, நோய் வெளிப்படும் வரை ஓர் இடைவெளி உண்டு. அதற்குள் பயணி வீடு திரும்பி, பணிக்குச் செல்லத் தொடங்கிவிடுகிறார். காய்ச்சல் வரும்போது காட்டை நினைப்பதில்லை. மருத்துவமனையில் சொல்வதுமில்லை. இந்த விடுபடலே நோயைக் கண்டறிவதைத் தாமதப்படுத்துகிறது.

பொதுவாகக் காணப்படும் இடைவெளிகள்:

• குரங்குக் காய்ச்சல்: 3 முதல் 8 நாள்கள். 1957-இல் கர்நாடகத்தின் சிவமோகா மாவட்டக் காட்டில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் உண்ணிகளால் பரவுகிறது.
• உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்கரப் டைபஸ்: 6 முதல் 21 நாள்கள்.
• எலிக் காய்ச்சல்: 2 முதல் 30 நாள்கள். விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரில் புண்ணுள்ள கால்களுடன் நடப்பதால் தொற்றும்.
• மலேரியா: 7 முதல் 30 நாள்கள், சில வேளைகளில் பல மாதங்கள்.
• டைபாய்டு: 6 முதல் 30 நாள்கள்.
• மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் ஏ வகை: 15 முதல் 50 நாள்கள்.

உண்ணிக் காய்ச்சல்: தவறவிடக் கூடாத நோய்

தமிழ்நாட்டில் மழைக்காலத்தை ஒட்டியும் அதைத் தொடரும் குளிர் மாதங்களிலும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்னும் கிருமி இதற்குக் காரணம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணுண்ணியின் இளம்புழு கடிக்கும்போது அக்கிருமி உடலில் புகுகிறது. நாயின் உடலிலும் மாட்டின் உடலிலும் நாம் காணும் உண்ணி இதுவன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இந்நோய் தொற்றுவதில்லை. ஆகவே நோயாளியைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை.

இந்த நுண்ணுண்ணிகள் காடு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. சில அடி அகலமே உள்ள திட்டுகளில் செறிந்து வாழ்கின்றன. ஒரே கூடாரத்தில் தங்கிய ஐவரில் ஒருவர் மட்டும் நோயுறுவது இதனால் நிகழக்கூடும். 'உடன் வந்தவர்களுக்கு ஒன்றுமில்லையே' என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அறிகுறிகள்: கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி, குமட்டல், வறட்டு இருமல், நெறிகட்டுதல் ஆகியவை தோன்றும். இரத்தத் தட்டணுக்களும் குறையலாம் என்பதால் டெங்கு எனத் தவறாக எண்ண இடமுண்டு. டெங்கு இல்லை எனப் பரிசோதனையில் தெரிந்தும் காய்ச்சல் நீடித்தால் உண்ணிக் காய்ச்சலுக்கான பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கருமையான பொருக்கு: நுண்ணுண்ணி கடித்த இடத்தில், நெருப்பால் சுட்டது போன்று, நடுவில் கருத்தும் ஓரத்தில் சிவந்தும் ஒரு புண் தோன்றலாம். அது வலிப்பதில்லை, அரிப்பதுமில்லை. அதனாலேயே நோயாளிக்குத் தெரிவதில்லை. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் உடை இறுகும் இடம், மார்பின் அடி, பிறப்புறுப்பு, பிட்டம், காதின் பின்புறம், தலைமுடிக்குள் ஆகிய மறைவிடங்களில் இது அமையும். எல்லோருக்கும் பொருக்கு தோன்றுவதில்லை. அது இல்லாததால் நோய் இல்லை எனக் கொள்ளக் கூடாது.

சிகிச்சை: டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய மருந்துகள் நன்கு பயனளிக்கின்றன. கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் அசித்ரோமைசின் கொடுக்கப்படுகிறது. காய்ச்சலுக்குப் பொதுவாகத் தரப்படும் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் இக்கிருமியை அழிப்பதில்லை. தாமே கடையில் மருந்து வாங்கி உட்கொள்பவர் பல நாள்களை வீணாக்குவது இதனால்தான். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பயனுள்ளது என இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

உரிய மருந்து தொடங்கிய பின் பெரும்பாலானோருக்கு 48 மணி நேரத்திற்குள் காய்ச்சல் தணியத் தொடங்கும். தணியாவிட்டால் மருத்துவரிடம் மீண்டும் செல்ல வேண்டும். தணிந்துவிட்டாலும் கூறப்பட்ட நாள்கள் முழுவதும் மருந்தை உட்கொள்ள வேண்டும். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுத்தால் உணவுக்குழாயில் புண் உண்டாகலாம்.

சிகிச்சை தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியன பாதிக்கப்படலாம். இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை.

பராமரிப்போர் கவனத்திற்கு

காய்ச்சலால் சோர்ந்திருப்பவர் தம் முதுகையும் தொடையிடுக்கையும் தாமே பார்க்க இயலாது. நோயாளியின் ஒப்புதலுடன், நல்ல வெளிச்சத்தில், தலை முதல் கால் வரை உடலைப் பார்ப்பது நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி. கூச்சம் காரணமாக மறைவிடங்களை விட்டுவிட வேண்டாம். பொருக்கைக் கண்டால் அதைச் சுரண்டாமல், மருந்து பூசாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவரிடம் பின்வருவனவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

• காட்டில் தங்கிய இடம், சென்ற நாள், திரும்பிய நாள்
• காய்ச்சல் தொடங்கிய நாள்
• தரையில் படுத்தாரா, ஓடை நீரைப் பருகினாரா, ஓடையில் இறங்கினாரா
• பூச்சி, உண்ணி, அட்டை, குரங்கு, நாய் ஆகியவற்றின் கடி ஏதேனும் உண்டா
• இறந்த குரங்கைக் கண்டாரா
• இதுவரை உட்கொண்ட மருந்துகள்

அனுமதியின்றிக் காட்டுக்குச் சென்றவர்கள் அதை மருத்துவரிடம் மறைப்பதுண்டு. மருத்துவர் கேட்பது சிகிச்சைக்காக மட்டுமே. மறைக்கப்படும் அந்த ஒரு செய்தியே நோயைக் கண்டறியத் தேவையானதாக இருக்கலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி
• குழப்பம், மிகுந்த மயக்கம், வலிப்பு, கழுத்து விறைப்பு
• கண்கள் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல் அல்லது கருத்துப்போதல்
• ஈறு, மூக்கு, மலம் ஆகியவற்றில் இரத்தம்
• இமை சரிதல், விழுங்க இயலாமை
• எதையும் பருக இயலாத அளவுக்கு வாந்தி

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டை கடித்தால் நோய் வருமா?
அட்டைக்கடியால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. நகத்தை அட்டையின் வாய்ப்பகுதிக்கு அடியில் நகர்த்தி அதை எடுக்கலாம். நெருப்பால் சுட வேண்டாம். பின் சோப்பால் கழுவி, இரத்தம் நிற்கும்வரை சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

தோலில் ஒட்டிய உண்ணியை எப்படி எடுப்பது?
இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், மண்ணெண்ணெய், நெருப்பு ஆகியவை வேண்டாம். கையால் நசுக்கவும் கூடாது.

குரங்கு கீறிவிட்டது. சிறிய காயந்தான். என்ன செய்வது?
உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். காயம் சிறிதாயினும் அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். வெறிநோய் வெளிப்பட்ட பின் அதைக் குணப்படுத்த இயலாது.

காட்டுக்குச் செல்லும் முன் தடுப்பு மருந்தாக டாக்சிசைக்ளினை நாமே உட்கொள்ளலாமா?
கூடாது. மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே உட்கொள்ள வேண்டும். உடையும் விரிப்பும் பூச்சிவிரட்டியும் முறையாக அமைந்தால் பெரும்பாலான கடிகளைத் தவிர்க்கலாம்.

திரும்பியவுடன் செய்ய வேண்டியது என்ன?
அணிந்த உடைகளைத் தனியே வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். சோப்புத் தேய்த்துக் குளித்து, உடலில் உண்ணி உள்ளதா எனப் பார்க்க வேண்டும். திரும்பிய நாளை நாள்காட்டியில் குறித்து, அடுத்த ஒரு மாதம் வரை காய்ச்சலை அலட்சியம் செய்யாமல் இருக்க வேண்டும்.

உதவிக்கு

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனையும் தகவலும்: 104

இப்பக்கத்தில் உள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்கானவை. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுக வேண்டும்.